மருந்தாலா, தானாகவா

ஆம்ப்ரோஸுக்கு இருபத்து மூன்று வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவன் அப்பா பவுல்சாமிக்கு முப்பதிலேயே முன்மண்டை பளபளத்தது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் அவர்கள் வீட்டுக்கு ‘வழுக்கையர் வீடு’ என்றே பெயர். யாரும் கேலியாகச் சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்வதுதான்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். ஆம்ப்ரோஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்கா லூயிசா அவனைவிட ஆறு வயது பெரியவள். தம்பிக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள் என்று உறவுக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். உண்மையில் அவளைக் கேட்டு வந்தவர்களே குறைவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் தியாகராய நகருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பியாட்ரிஸ் என்ற அந்தப் பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய அத்தை மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, ஆம்ப்ரோஸின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளைக்கு இருபத்தாறுதான்னு சொன்னீங்க. இப்பவே முன்பக்கம் காலி. இது இதோட நிக்குமா, இன்னும் போவுமா? அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றாள் லூயிசாவிடம்.

பதில் யாருக்குத் தெரியும்? லூயிசா விருட்டென்று எழுந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு லஸ்ஸில் இறங்கியதும் நடுத்தெருவில் நின்று, “நிக்கும்டா. நான் நிறுத்திக் காட்டறேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவமானப்பட்டது தானா அக்காவா என்று ஆம்ப்ரோஸுக்கே புரியவில்லை.

மறு வாரம் மீர்சாகிப்பேட்டையில் நூர் முஹம்மது என்ற ஹக்கீமிடம் அவனைக் கூட்டிப்போனாள். ஹக்கீம் ஆம்ப்ரோஸின் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போன எடத்துல இனிமே மொளைக்காதும்மா. இருக்கறதை நிறுத்தலாம். ஆனா மருந்தை ஒரு நாள் கூட விடக்கூடாது. விட்டா எல்லாம் வீணு” என்றார்.

அன்றிலிருந்து ஆம்ப்ரோஸின் விடியற்காலைகள் அவனுடையதாக இல்லாமல் போயின. இருட்டு பிரியும் முன்பே அம்மிச் சத்தம் கேட்கும். கருஞ்சீரகத்தை வெங்காயச் சாறு விட்டு அரைத்து, அதில் ஹக்கீமின் எண்ணெயைக் குழைத்து லூயிசா எடுத்து வருவாள். தலையில் காற்றுப் படக்கூடாது என்பதால் கதவையும் ஜன்னலையும் சாத்துவாள். அவன் முக்காலியில் உட்கார, அவள் பின்னால் நின்று வேர் வேராகத் தேய்ப்பாள். பிறகு காடாத் துணியால் இறுக்கிக் கட்டுவாள். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம் வரை அவன் அந்த மூடிய அறையில், கண் எரிய, வியர்வை ஒழுக உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் மறுபடி ஒரு முறை.

பத்தியம் வேறு. மீன் கூடாது, கருவாடு கூடாது. வெயில் கூடாது. உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் ஆகவே ஆகாது. கூப்பிடு தூரத்தில் கடல். சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் விழுந்த கடல். இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்தே மூடிவிட்டாள் லூயிசா. அவன் சாப்பிடாத மீனை அவளும் விட்டாள். சந்து முழுக்க மீன் வறுக்கும் மணம் வர, அக்காவும் தம்பியும் ரசத்துக்கு அப்பளத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகவில்லை. பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவான். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் முடி நின்றது.

முன்மண்டையில் முதலில் முடி ஆரம்பித்த இடத்தை ஒட்டி அவனுக்கு ஒரு மச்சம் உண்டு. முன்பெல்லாம் மாசத்துக்கு மாசம் முடி அந்த மச்சத்தை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒரு விரல் இடைவெளியில் அப்படியே நின்றிருந்தது. லூயிசா மாதா பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

“நின்னுடுச்சில்லக்கா, இனிமே விட்டுடலாமே” என்று ஆம்ப்ரோஸ் மெல்லக் கேட்டான்.

“இன்னாடா பேசற? மருந்து போட்டுக்கினு இருக்கறதாலதான நின்னு கீது. விட்டா?”

நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். நிறுத்திப் பார்க்கப் பயம். உதிர்ந்துகொண்டிருந்தபோதாவது மருந்து பலிக்கவில்லை என்று ஒரு நாள் எழுந்து போயிருக்கலாம். பலித்த மருந்திலிருந்து எப்படி எழுந்து போவது?

அந்தச் சமயத்தில் வில்லியம் வந்தார். பெங்களூரில் ரயில்வே உத்தியோகம். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்தவர் கோயிலில் லூயிசாவைப் பார்த்திருக்கிறார். பங்குச் சாமியார் மூலமாகக் கேட்டு அனுப்பினார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். ஆம்ப்ரோஸுக்கு ஒரே சந்தோஷம்.

லூயிசா சாமியாரிடமே சொல்லிவிட்டாள். “நான் பெங்களூர் போயிட்டா இவன் தலைய யாரு சாமி பாத்துக்குவா?”

சாமியார் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. அக்கா கதவைச் சாத்திப் பூட்டியது அவனை மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. ஹக்கீம் குடும்பத்தோடு வேலூர் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆம்ப்ரோஸை விமானத் தாக்குதல் காவலுக்கு எடுத்துக்கொண்டதால் அவன் நகர முடியாது. பெண்கள் யாரும் இங்கே இருக்கக் கூடாது என்று சாமியாரே வீடு வீடாக வந்து சொன்னார். லூயிசா திருச்சியில் சித்தி மகள் ஆனி வீட்டுக்குக் கிளம்பினாள். ரயில் நகரும்போதும் ஜன்னல் வழியாக, “கட்டுத் துணிய இறுக்கிக் கட்டு! எண்ணெய சிக்கனமா ஊத்து!” என்று கத்திக்கொண்டே போனாள்.

முதல் இரண்டு நாள் அவனே அரைத்துத் தடவினான். மூன்றாம் நாள் விடியற்காலையில் அபாயச் சங்கு ஊதியது. வெளியே ஓடிவிட்டு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தடவவில்லை. அடுத்த நாளும் தடவவில்லை. தலையணையைப் பயத்தோடு புரட்டிப் பார்த்தான். இரண்டு மூன்று முடிகள், எப்போதும் போல.

ஒரு வாரம் போனது. ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தான். காலியான சந்தில் யாருமே இல்லை. நேரே கடலுக்குப் போய், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் அலையிலேயே தலையைக் கொடுத்தான். உப்புத் தண்ணீர் காதிலும் மூக்கிலும் ஏறியது. எழுந்து நின்று காரணமில்லாமல் சிரித்தான். அன்றைக்கு ஒரு செம்படவர் வீட்டில் மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். மீதியிருந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினான்.

கோடை போய் மழை வந்தது. மச்சத்துக்கும் முடிக்கும் நடுவே அதே ஒரு விரல் இடைவெளிதான்.

அக்டோபரில் லூயிசா திரும்பி வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அவள் புடவைகளுக்குள் சுற்றிச் சுற்றி வைத்த எண்ணெய் பாட்டில்கள். வரும் வழியில் வேலூருக்குப் போய், தெருத் தெருவாக விசாரித்து ஹக்கீமைக் கண்டுபிடித்திருக்கிறாள். பாட்டிலுக்கு இடம் வேண்டும் என்று தன் துணியில் பாதியை ஆனி வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

தம்பியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து மண்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “பாத்தியா! ஒரு முடி போவலியே! நீயே ஒழுங்கா போட்டுக்கினியாடா கண்ணு?”

சொல்லிவிட வாய் திறந்தான். அவள் கால் செருப்பில் வார் அறுந்து கயிறு கட்டியிருந்தது கண்ணில் பட்டது. “போட்டேன்க்கா” என்றான்.

மறுநாள் இருட்டில் அம்மிச் சத்தம் கேட்டது. ஜன்னலில் மறுபடி ஆணி ஏறியது. முன்பு நம்பிக்கையோடு உட்கார்ந்த முக்காலியில் இப்போது தெரிந்தே உட்கார்ந்தான். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் விரல்கள் வேர் வேராகப் போகும்போது, கத்திவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

அடுத்த வருஷம், பாஸ்கு என்ற ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் வில்லியம் மறுபடி வந்தார். இந்த முறை ஆம்ப்ரோஸிடமே பேசினார். “பாஸ்குக்கு மேல என்னால காத்திருக்க முடியாது தம்பி. வீட்டுல வயசான அம்மா. அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க.”

ஆம்ப்ரோஸ் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் டாக்டர் சுப்பராமனிடம் போனான். நடந்ததையெல்லாம் சொல்லி, “மருந்தாலா, தானாவா டாக்டர்?” என்று கேட்டான்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “இது பரம்பரையா வர்ற வழுக்கை. சில பேருக்குக் கொஞ்சம் போயிட்டுத் தானே நின்னுடும். வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். சில பேருக்கு நாப்பத்தஞ்சுல திரும்ப ஆரம்பிக்கும். ஒமக்கு எப்படிண்டு நான் சொல்ல முடியாது, ஓய். யாராலயும் முடியாது.”

“எண்ணெய்?”

“அதை நிறுத்தினப்பவும் நின்னுதானே இருந்தது? அதுக்கு மேல என்ன வேணும் ஒமக்கு?”

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். கடல், மீன் குழம்பு, சாக்கடையில் கொட்டிய எண்ணெய், எதையும் மறைக்கவில்லை. லூயிசா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஆறு மாசம் போடாம இருந்தும் நின்னுச்சுன்னா, அதுக்கு முன்னாடி நான் போட்டதால வேர் கெட்டியாயிடுச்சின்னு அர்த்தம்” என்றாள்.

“இல்லக்கா. அது தானா நின்னுடுச்சி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. உனக்கும் தெரியாது. போனா போவட்டும்க்கா. நீ பெங்களூர் போ.”

“போனா போவட்டுமா? அந்தப் பொம்பள கேட்டாளே, அப்ப எங்க போச்சு இந்தத் தைரியம்?” அவள் எழுந்து நின்றாள். “நான் போவ மாட்டேன். எனக்கு இந்த வீட்டுல வேலை கீது.”

என்ன சொன்னாலும் அந்த இடத்துக்கே திரும்பி வந்தாள். ஆம்ப்ரோஸ் வெளியே வந்து கால் போன போக்கில் நடந்தான். லஸ்ஸில் ஒரு சலூன் திறந்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, “மொட்டை அடிச்சிடுங்க” என்றான்.

“வேளாங்கண்ணி வேண்டுதலா சார்?” என்று கேட்டான் நாவிதன்.

“ஆமா” என்றான். கத்தி போகப் போகத் தலை லேசானது. இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை, அக்கா போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் நுழைந்ததும் லூயிசா அவனைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சோறு சமைக்கவில்லை.

விடிவதற்கு முன் அம்மிச் சத்தம் கேட்டது.

அவன் எழுந்து வந்தான். கதவு சாத்தியிருந்தது. முக்காலி போட்டிருந்தது. கிண்ணத்தோடு நின்றாள் லூயிசா. “வாடா. புதுசா மொளைக்கும்போதுதான் மருந்து நல்லாப் புடிக்கும்.”

பழக்கத்தில் கால் முக்காலிக்குப் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டான். குளிர்ந்த விழுது மொட்டைத் தலையில் பட்டது. அந்த விரல்கள், அந்த வாடை, அந்த இருட்டு. இனி ஆயுசுக்கும் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. கையை உயர்த்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வேணாம்க்கா.”

“விடுடா.”

“வேணாம்.”

அவன் விடவில்லை. அவளும் கையை உருவிக்கொள்ளவில்லை. “அப்ப நான் காலைல எழுந்து இன்னாடா செய்வேன்?” என்று கேட்டாள்.

அவன் எழுந்தான். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் உடனே மனம் மாறிவிடவில்லை. பாஸ்கு வந்தது, போனது. வில்லியம் பெங்களூரிலேயே வேறு இடம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்று சேதி வந்தது. சில மாதங்கள் அவள் விடியற்காலையில் எழுந்து, வெறும் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான். அம்மிச் சத்தத்தைவிட அந்த மௌனம் அவனை அதிகமாக அழுத்தியது.

பிறகு சாமியார் சொல்லி, காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப்போடும் வேலைக்கு ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேண்டாவெறுப்பாகத்தான் போனாள். ஒரு மாதத்தில் அங்கேயே தங்கும் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். யுத்தம் முடிந்த பிறகும் திரும்பி வரவில்லை.

ஆம்ப்ரோஸின் முடி வளர்ந்தது. பழைய இடம் வரைக்கும் வந்து நின்றது. நாற்பத்தொன்பதில் அவனுக்குக் கல்யாணம் ஆனபோதும் அங்கேயேதான் இருந்தது. கல்யாண வீட்டில் லூயிசா அவன் தலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஆனியிடம், “எல்லாம் அந்த எண்ணெய்தான்” என்றாள்.

ஆம்ப்ரோஸ் காதில் அது விழுந்தது. மாலையைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களை வரவேற்கப் போனான்.