நடந்து காட்டச் சொன்னார்கள்

பஸ் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அதன்மேல் ராஜமாணிக்கம் நடந்து காட்ட வேண்டும். தடுமாறாமல் நடந்தால் கண்டக்டர் வேலை தங்கும். இல்லாவிட்டால் பையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அவன் மனைவி ஆதிலட்சுமி தூணோரம் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை.

கீழ்பென்னாத்தூர் ரூட்டில் பதினொரு வருஷ சர்வீஸ். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதன். ஆனால் மதுவிலக்கு இருந்த அந்த எழுபத்தெட்டில், கண்டக்டர் தள்ளாடுகிறார், நாக்கு குழறுகிறது என்று நாலு பேர் புகார் சொன்னால் முதலாளி வேறென்ன நினைப்பார்? நரம்பு நோய் என்று வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மல்டிபிள் என்று தொடங்கும் அந்தப் பெயர் ஷெட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. வெயில் ஏறினால் கால் மரத்துப்போகும் என்றதற்கு, இந்த ஊரில் வெயில் இல்லாத நாள் ஏது என்று சிரித்தார்கள்.

ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரம்மாதான் வழி சொன்னாள். அவள் ஊரில் இந்த நோய்க்காரர்களை ஆட வைப்பாளாம். தினமும் விடிந்தும் விடியாததுமாக இருவரும் அங்கே போனார்கள். பெண்டாட்டி கை தட்ட, புருஷன் ஆட வேண்டுமாம்! முதல் நாள் ஆதிலட்சுமிக்கு உயிரே போய்விட்டது. கூசிக்கூசித்தான் தட்டினாள். ஆனால் நடக்கச் சொன்னால் பின்னிக்கொள்ளும் கால்கள், தாளம் கேட்டதும் எழும்பின. மூன்று மாதமாகிறது. மல்லாட்டை உடைத்துக் கடலைப்பருப்பு எடுக்கும் கூலி, வீட்டு வேலை, அவன் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது, அதற்கு மேல் இந்த ஆட்டம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கினால் போதும் என்றிருக்கும் அவளுக்கு. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

"நடங்க, கண்டக்டரே," என்றார் முதலாளி.

ராஜமாணிக்கம் கோட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "தட்டு, லட்சுமி."

பதினைந்து ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டினாள். அவன் முழங்காலைத் தூக்கி, தோளை லேசாகச் சாய்த்து, அடி எடுத்து வைத்தான். ஒரு டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், பிறகு அவனும் அடங்கிவிட்டான். கோடு பிசகவே இல்லை. எதிர்ச்சுவர் வரை போய்விட்டான்.

முதலாளி அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "குடி இல்லம்மா. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். ஆனா ஓடற வண்டியில யாரும்மா கை தட்டுவாங்க?"

அவள் கைகள் நின்றுவிட்டன.

அங்கே ராஜமாணிக்கம் சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றான். முதலாளி பேசியது அவனுக்குக் கேட்டிருக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? திரும்பி வரணும்ல?"

ஆதிலட்சுமி மறுபடியும் தட்டத் தொடங்கினாள். வேர்த்து வழியும் முகத்தில் சிரிப்போடு, ஜெயித்துவிட்டவனாக, அவன் அந்தக் கோட்டின் மேல் ஆடிக்கொண்டே அவளை நோக்கி வந்தான்.