மதிய சீரியல் கதாநாயகி

எங்கள் தையல்கடையில் டிவி ஓடும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். கண் ஊசியில், காது மதிய சீரியலில். அதைச் சேனல்காரர்கள் திடீரென்று நிறுத்தினால் சும்மா விடுவோமா? கதாநாயகி ஜெயிலில் கிடக்கிறாள், பாதியில் விட்டால் அவளை யார் வெளியே எடுப்பது? மிச்சத் துணிகளில் "அவளை விடுதலை செய்" என்று தைத்து, மூட்டை மூட்டையாகச் சேனலுக்கு அனுப்பினோம். தொல்லை தாங்காமல் சீரியலைத் திரும்பப் போட்டார்கள்.

நன்றி சொல்லக் கதாநாயகியே கடைக்கு வந்தாள். "நான்தாங்க அவ" என்றாள், கீச்சுக் குரலில்.

"போம்மா, யார் காதுல பூ சுத்துற?" என்றாள் துணி வெட்டும் அக்கா, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ குரல் எங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. அவளோடு வந்து, பின்னால் குடையை மடக்கிக்கொண்டிருந்த நடுவயது அம்மா சிரித்தார். "நிஜமாவே இவதாங்க நடிக்கிறா. குரல் குடுக்கிறது மட்டும் நான்."

எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. அக்கா ஓடிப்போய் அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்: "ஜெயில்ல வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாங்களாடி, கண்ணு?"