கேமராவுக்குச் சிரிக்காத காலை

பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜாக்கள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். முதலாளி சிவராஜின் குரலுக்குப் பயந்துதான் என்பார்கள். ராசாத்தி கத்தரியோடு வரிசையில் குனிந்திருந்தாள். முள் கையுறையைத் துளைத்தது. பிளாஸ்டிக் கூரை வேர்த்து முதுகில் சொட்டியது. மருந்து நெடி தொண்டையில் ஒட்டியது.

அவளை உறுத்தியது முள்ளல்ல. மூன்று வயதை நெருங்கும் மகன் தமிழரசன், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசமா என்று கிருஷ்ணகிரி டாக்டரம்மா போன வாரம் பண்ணைச் சாப்பாட்டு வேளையில் அவனை வீடியோ காலில் பார்த்தார். அங்கேதான் தப்பு நடந்தது.

வெளிநாட்டு வியாபாரி கேமராவில் பண்ணையைப் பார்க்கும்போது வாடிய பூவை மறைத்து, பல்லைக் காட்டிச் சிரிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்டரம்மா முகம் தெரிந்ததும் அதே பழக்கம் வந்துவிட்டது. கூட வேலை செய்யும் வெங்கடம்மா பையனின் தாடையைத் திருப்பினாள். ஒருத்தி அவன் விரலைப் பிடித்துப் பொம்மையைக் காட்டினாள். இன்னொருத்தி பின்னாலிருந்து "அம்மா" என்றாள். அந்த மழலையில் வெற்றிலை வாசமே அடித்தது. டாக்டரம்மா நம்பிவிட்டார்.

ராசாத்திக்கு மனசு கேட்கவில்லை. பிறகு அவரிடமே உண்மையைச் சொன்னாள். இன்று பத்து மணிக்கு மறுபடி பார்ப்பதாகவும், யாரும் உதவக்கூடாது என்றும் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

"சார், கொஞ்ச நேரம் விடுங்க. பையன டாக்டரு பாக்கணும்," என்றாள் சிவராஜிடம்.

"அதான் பாத்தாச்சே. நல்லாருக்கான்னாங்களாமே?"

"நாங்கதான் சார் ஏமாத்திட்டோம்."

"காதலர் தின ஆர்டரு நிக்குது. காலைல கேட்டுல வாங்கி வெச்ச போன் அங்கயே இருக்கட்டும். பேசாத புள்ள அடுத்த மாசமும் பேசாமத்தான் இருப்பான், அப்பக் காட்டு."

வெங்கடம்மா நிமிர்ந்தாள். "ஏன் சார், பூவு ஒரு நாளு தாமசமாப் போனா வேணாம்பான் உங்க வெளிநாட்டுக்காரன். புள்ள மட்டும் மாசக்கணக்காக் காத்திருக்கணுமா?"

"உன்ன யாரு கேட்டா?"

"யாருங் கேக்கல. அதான் நானே சொல்றன்."

கத்தரியைக் கீழே வைத்தாள். வரிசை முழுக்கக் கத்தரிகள் இறங்கின.

"எல்லாருக்கும் கூலியக் கட் பண்ணிருவேன்!"

"பண்ணுங்க சார். இன்னிக்கிக் கட்டிங் வேல உங்களுக்கு மட்டுந்தான்."

கேட்டிலிருந்து போனை வாங்கி, பையனையும் தூக்கிக்கொண்டு பேக்கிங் கொட்டகைக்குப் போனார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஊர்ச் சிக்னல் பக்கத்து எல்லையைத் தாண்டிக் கர்நாடகம் போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பும். கடைசியில் டாக்டரம்மா வந்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"தமிழு... கண்ணு தமிழரசா..."

அவன் தரையில் உருண்ட இலையையே பார்த்திருந்தான். பெண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா. முழுசாப் பாத்துட்டு, தேவைப்பட்டா பயிற்சி ஆரம்பிப்போம்."

"வேல நாளுங்களே..." என்றாள் ராசாத்தி.

"இன்னிக்கு மட்டும் லீவு நாளா? போலாம் வா," என்றாள் வெங்கடம்மா.

எல்லாரும் வெளியே நடக்க, பண்ணை வாசலில் நின்று சிவராஜ் ஒவ்வொருத்தி பேரையும் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒருத்தியும் திரும்பவில்லை.