ஆளில்லாத செங்கல்

ஹனோயில் எங்கள் வட்டார மன்றத்தில், ஓய்வுபெற்றவர்களுக்கான ஆங்கில வகுப்பின் கடைசி நாள். வாத்தியார் காங் பலகையில் தலைப்பை எழுதினான்: அன்றாட வாழ்க்கை, அன்று, இன்று, நாளை. ஒவ்வொருவரும் எழுந்து மூன்றையும் ஒப்பிட்டுப் பேசவேண்டும். முடிந்ததும் நான் சமைத்துக் கொண்டுவந்த 'சே' என்னும் இனிப்புக் கஞ்சி. பச்சைப்பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு பானை நிறையக் காய்ச்சியிருந்தேன்.

முதலில் எழுந்தவள் லியூ. பஞ்ச காலத்தில் எங்கள் ரேஷன் கடை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அவள் முன் குனியாத தலை கிடையாது. வகுப்பில் சேர்ந்த அன்றே அவளை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. "மியென் தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் வயிற்றில் கொதித்தது ஆறவே இல்லை.

"அன்று நாங்கள் ஏழைகள்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "ஆனால் எல்லோரும் எல்லோரையும் நேசித்தோம். வரிசையில் சிரித்துக்கொண்டே நின்றோம்."

கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து என் முறை. "அன்று வரிசையில் ஆளுக்குப் பதில் செங்கல் வைப்போம்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "செங்கலில் பெயர் எழுதியிருக்கும். செங்கல் நின்றால் நாம் நின்ற மாதிரி. அதை யாரும் தொடமாட்டார்கள். இன்று மருத்துவமனையில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வருகிறது."

என் ஆங்கிலம் அதற்குமேல் போகவில்லை. லியூவைப் பார்த்துத் திரும்பினேன்.

"எனக்குப் பால் வத்திப்போச்சு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வேற. டின் பால் கொடுக்கிற அன்னிக்கு இருட்டோட வந்து செங்கல வெச்சேன். பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தா என் செங்கல் சாக்கடையில கிடக்குது. அந்த எடத்துல உங்க கூடப்பொறந்த தங்கச்சி செங்கல் இருந்துச்சு. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

லியூ முத்துமாலையைத் தடவினாள்.

"'செங்கல் வந்து எங்கிட்ட பேசுச்சா? தீந்துடுச்சு, நாளைக்கு வாங்க'ன்னு ஜன்னல சாத்துனீங்க. உள்ள டின்னு அடுக்கி இருந்தத என் கண்ணால பாத்தேன். அந்த மழக்காலம் முடியறதுக்குள்ள என் பொண்ணு போயிட்டா."

அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதம் இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"எந்தச் செங்கல்னு எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?" என்றாள். "அப்ப எத்தனையோ தள்ளிவிட்டிருப்பேன். ஆளில்லாத செங்கல் எல்லாம் ஒண்ணுதான? நல்ல நாளும் அதுவுமா பழசெல்லாம் எதுக்கு."

காங் தொண்டையைச் செருமினான். "பெரியம்மா, நீங்க இன்னும் 'நாளை' பத்திச் சொல்லலையே."

"அப்புறம் சொல்றேன் தம்பி," என்று உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் ஒப்புக்குப் பேசி முடித்தார்கள். பிறகு கிண்ணத்தோடு பானையின் முன் வரிசையில் நின்றார்கள். கரண்டி என் கையில் இருந்தது.

"சக்கரைய அள்ளிப் போட்டிருக்கியே, அந்தக் காலத்துல கூப்பன்ல கிடைக்காததையெல்லாம் சேத்துப் போட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தொவான், என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்து. நான் சிரித்தேன். அவள் கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

லியூ வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு இனிப்பு என்றால் உயிர். கிண்ணத்தை நீட்டினாள். பானையில் பாதிக்குமேல் இருந்தது. தேங்காய்ப்பால் வாசனை அவள் மூக்கில் ஏறியிருக்கும். எட்டிப் பார்த்தாள், தன் கண்ணாலேயே பார்த்தாள்.

நான் மூடியை எடுத்துப் பானை வாயைச் சாத்தினேன்.

"தீந்துடுச்சுக்கா," என்றேன். "நாளைக்கு வாங்க."

நாளைக்கு வகுப்பு கிடையாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் தம் கிண்ணத்தை அவளுக்கு நீட்டவில்லை.