டூகல் பாதியில் விட்ட திருத்தம்

ஹோபார்ட்டில் ஆற்று வெள்ள எச்சரிக்கை அனுப்பும் அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒவ்வோர் ஆற்றுக்கும் கணினி நிரல்களை வைக்கும் களஞ்சியம் தனித்தனி. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த ஆயுள் போதாது என்று டூகல் ஒரு கருவி எழுதியிருந்தார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை தட்டினால், அது எல்லாக் களஞ்சியங்களுக்கும் ஓடி வேலையை முடித்துவிட்டு வரும். ஆடு மடக்கும் நாயினத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: கெல்பி.

ஈஸ்டருக்கு முன் மாரடைப்பில் டூகல் போய்விட்டார். ஆனால் எந்த ஆற்றில் நீர்மட்ட அளவுமானி கெட்டாலும் கணினி இன்னமும் அவர் செல்போனைத்தான் அழைத்தது. அங்கே தன் எண்ணைப் போடவேண்டியவள் பக்கத்து மேசை லொவென்னா. அவர் எண்ணை அழிக்க மனம் வராமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். மேலாளர் நைரிதான் ஒரு வெள்ளிக்கிழமை பிடித்துக்கொண்டாள்.

"செத்தவரா வந்து போன் எடுப்பாரு? இன்னிக்கே மாத்திடு, லொவென்னா."

யாராவது திருத்தத்தைப் பதிவு செய்யாமல் பாதியில் விட்டிருந்தால், அந்தக் களஞ்சியத்தைக் கெல்பி தொடாது. அடுத்தவர் வேலையில் கைவைக்கக் கூடாது என்பது டூகலின் பிடிவாதம். தொடாமல் விட்டதைத் திரையில் சொல்லிவிடும். எண்ணை மாற்றக் கெல்பியை ஏவிய லொவென்னாவோ, திரையில் எதையும் காட்டாமல் ஓடச் சொல்லிவிட்டாள். அந்த எண் ஒவ்வோர் ஆற்றிலும் அழிவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவள் பதறினாள்.

ஞாயிறு காலை கொட்டித் தீர்த்த மழையில் டூகலின் மனைவி மேவ் கூப்பிட்டாள்.

"அவரு போன் கத்திக்கிட்டே இருக்கும்மா. டன்னர் ஓடைன்னு ஏதோ சொல்லுது."

லொவென்னா அலுவலகத்துக்கு ஓடினாள். டன்னர் ஓடைக் கரையில் கூடாரம் போட்டுக் குடும்பங்கள் தங்கியிருந்தன. அளவுமானி செத்துக் கிடந்ததால் எச்சரிக்கை போகவில்லை. கையாலேயே அனுப்பினாள். காவலரையும் அழைத்தாள். கடைசிக் கார் மேட்டில் ஏறியபின்தான் ஓடை கரை தாண்டியது என்று காவலர்கள் சொன்னபோது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு, கெல்பி தொடாமல் விட்ட டன்னர் ஓடைக் களஞ்சியத்தில் அப்படி என்னதான் பாதியில் கிடக்கிறது என்று திறந்து பார்த்தாள். அலுவலகப் பொதுக் கணினியில், மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள், டூகல் தொடங்கிய திருத்தம். அவர் தன் எண்ணை எடுத்துவிட்டு லொவென்னாவின் எண்ணைப் போட்டிருந்தார். முதல் ஆற்றோடு நின்றுவிட்டார். நெஞ்சுவலியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஓர் எழுத்தையும் மாற்றாமல், அவர் பெயரிலேயே பதிவு செய்தாள். பிறகு மேவை அழைத்து, இனி அந்தப் போன் கத்தாது என்றாள்.

மேவ் கேட்டாள்: "நீ மாத்திட்டியா?"

"இல்ல மேவ். அவரே மாத்திட்டுத்தான் போயிருக்காரு."