கொட்டாஞ்சேனை ஒழுங்காக நடந்த கிழமை

றேமண்ட் சொற்களை மிச்சம் பிடிக்கிறவன். அலுவலகத்தில் அது அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. கொட்டாஞ்சேனையில், சனம் வீதியைக் கடக்கப் போடும் ஒரு மஞ்சள் கடவையையே கெடுக்கப் பார்த்தது.

கடவை கேட்டவர் அவனுடைய மாமியார் ஐறீன். அவனுடைய மனைவி யூஜினா காய்ச்சலில் இறந்தபோது, மகளின் செத்த வீட்டுக்கு வந்தவர். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் போய்விடுவதாகச் சொன்னார். போகவில்லை. இருங்கள் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

தினமும் காலையில், கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்கு பஸ் எடுக்க முதல், அவரைக் கையில் பிடித்துப் பெரிய வீதியைக் கடத்திவிடுவான். அவர் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் கோயில் அந்தப் பக்கம். நடுவில் துறைமுகத்துக்கு ஓடும் கொள்கலன் லொறிகள், லொறிகளுக்கிடையில் நெளியும் ஓட்டோக்கள், ஓட்டோக்களுக்கிடையில் நெளியும் மோட்டார் சைக்கிள்கள். ஐறீனுக்கு முழங்கால் வருத்தம். ஒருமுறை ஒரு மோட்டார் சைக்கிள் அவருடைய ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. செருப்பை ஜிந்துப்பிட்டிப் பக்கம் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். எடுத்துக்கொண்டு வரவில்லை.

"கையைப் பிடிச்சுக் கடக்க நான் என்ன நேர்சரிப் பிள்ளையா?" என்றார் ஐறீன் ஒரு நாள். "உனக்கும் கரைச்சல்."

"கரைச்சல் இல்ல, மாமி."

"மஞ்சள் கோடு போட்டாங்களெண்டா இருப்பன். இல்லாட்டி வத்தளைக்குப் போயிடுவன், றோஸியிட்ட. அங்க கோயிலும் வீடும் ஒரே பக்கம்."

றோஸி இளைய மகள். வீடு பெரிது. மனமும் பெரிது. றேமண்டுக்கு எதிராகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐறீன் போனால், தொலைக்காட்சி நாடகத்தில் வரும் மருமகள்களை ஏசுவதற்கு வீட்டில் ஆளிராது. பிறகு அங்கே இருக்கப்போவது அவனுடைய குரல் ஒன்றுதான். அது அவனுக்கே அவ்வளவு பழக்கமில்லை. "போகாதீங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் மாநகர சபைக்கு மனுப் போட்டான். அது இலகுவாக இருந்தது.

மனு எங்கெங்கோ சுற்றி, பாதசாரிகளின் பாதுகாப்புக்கென்று தொடங்கிய ஒரு திட்டத்திடம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஷிம்னா என்ற பொறியியலாளர் வந்தார். மின்கம்பத்தில் ஒரு கமராவைப் பூட்டினார்.

"இது முகம் பார்க்காது, அண்ணா. எத்தனை பேர் கடக்கிறாங்க, கடக்க முதல் எவ்வளவு நேரம் காத்து நிக்கிறாங்க. அவ்வளவுதான். ஒரு கிழமை, ஏழு நாள், பார்ப்போம். இங்க கடவை தேவையெண்டு மெஷின் சொன்னா, சபை மறுக்க ஏலாது. ஆனா ஆக்கள் வழமையா எப்படிக் கடப்பாங்களோ, அப்படியே கடக்கணும். உங்கட வீட்டு ஒழுங்கையில வட்ஸ்அப் குரூப் இருக்குதானே? விளக்கமா ஒரு மெசேஜ் போட்டுவிடுங்க."

விளக்கமாக என்ற சொல் அவன் காதில் விழத்தான் செய்தது. கை பழகியபடி போனது. போட்ட செய்தி இதுதான்: "வீதியில் கமரா பூட்டப்பட்டுள்ளது. ஒரு கிழமை. ஒத்துழைக்கவும்."

பொழுது படுவதற்குள் அந்தச் சின்னத் தெருச் சனத்துக்கெல்லாம் விசயம் விளங்கிவிட்டது. கண்ட இடத்தில் கடந்தால் தண்டம். தண்டம் நேராகப் போனுக்கே வரும். கிராண்ட்பாஸில் யாருடையவோ மச்சானுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம்.

மறுநாள் கொட்டாஞ்சேனை ஒழுங்காக நடந்தது. சனம் தூரத்திலிருக்கும் சிக்னல் விளக்குச் சந்திவரை போய், பச்சை மனிதன் தெரியும்வரை நின்று, வரிசையாகக் கடந்து திரும்பி வந்தது. எதிர்க்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கவும் அப்படித்தான். சுமை தூக்கிப் பிழைக்கும் நாட்டாமைகள் தலையில் மூட்டையோடு சந்திக்கு நடந்தார்கள். பூசைக்குப் போகிற பெண்கள், கமராவில் விழுந்தாலும் நன்றாக விழட்டும் என்று முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் கூடப் போட்டார்கள். ஓட்டோக்கள் ஊர்ந்தன. ஒரு கொள்கலன் லொறி நாய்க்காக நின்றது. அந்த மரியாதை பழக்கமில்லாத நாய் கடக்காமல் திரும்பிப் போய்விட்டது.

ஐறீன் கோயிலுக்கே போகவில்லை.

"நான் நொண்டுறது கமராவில விழும்," என்றார்.

"அதுக்குத்தானே கமரா, மாமி."

"நான் நொண்டுறதைப் பாக்கவா?"

றேமண்ட் இரண்டாவது செய்தி போட்டான்: "வழமைபோல் கடக்கவும்." இது பொறி என்பது இப்போது எல்லோருக்கும் நிச்சயமாகிவிட்டது.

எதிர்ப்பக்கம் பேக்கரி வைத்திருக்கும் பௌஸி நானா அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உண்மையச் செல்லு. பொலிஸ்தானே இந்த மெசேஜ எழுதித் தந்த?"

"இல்ல, நானா."

"இல்லண்டுதான் செல்லச் செல்லி இருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதர் அறிவித்தார்: பயப்படாமல், எப்போதும் போலக் குறுக்கே கடவுங்கள். கோயில் அமைதியாகக் கேட்டது. பாதரையும் மிரட்டிவிட்டார்கள் என்று வெளியே வந்து கதைத்தது.

கடைசியில் பௌஸி நானா மனமிரங்கினார். "சரி, ஒருக்கா நான் கடந்து காட்டுறன். ஒருத்தன் போனா மத்தவனும் வருவான்." சாதாரண நாட்களில் அவர் போனில் கதைத்தபடி, ஒரு கையில் மீன் வைத்த மாலுபாண் தட்டோடு, லொறிகளுக்கு நடுவால் சாய்ந்து சாய்ந்து வருகிறவர். அன்று தொப்பியைச் சரிசெய்தார். வலம் பார்த்தார். இடம் பார்த்தார். மறுபடி வலம் பார்த்தார். கையை உயர்த்தி, பாடப்புத்தகப் படத்தில் நடப்பது போல நடந்து வந்து சேர்ந்தார்.

"நானா, வழமைபோல எண்டுதானே சொன்னன்."

"கமராக்கு முன்னால வழம வருமா? கலியாண வீடியோவில நீ வழமையாவா தின்ட?"

றேமண்ட் யோசித்துப் பார்த்தான். இல்லைதான். யூஜினா அவனுக்குக் கேக் ஊட்டியபோது வாயைத் திறக்க மறந்துபோனான்.

மாலையில் ஷிம்னா போன் எடுத்தார். "அண்ணா, உங்கட றோட்டுப் போல பாதுகாப்பான றோட்ட நான் கண்டதே இல்ல. கடந்தது ஒரே ஒருத்தர். அவரும் கையத் தூக்கிக்கொண்டு. காத்து நிண்டவங்க ஒருத்தருமில்ல. இத வெச்சுக் கடவை கேட்டா சபையில சிரிப்பாங்க."

"சரி."

"என்ன சரி? நாளைக்குப் பின்னேரம் கமராவக் கழட்டுறோம்."

அவன் மாமியாரிடம் சொன்னான்: "கடவை வராது போல."

"சரி," என்றார் ஐறீன். அவருக்கும் அந்தச் சொல் தொற்றியிருந்தது. அலுமாரியைத் திறந்து சேலைகளை எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள், கமராவைக் கழற்ற முதலே, றோஸி அனுப்பிய ஓட்டோ வந்தது. திருப்ப இடமில்லை என்று எதிர்ப்பக்கமே நின்றுவிட்டது. இதற்குள் பயம் தெளிந்துவிட்டது. கிராண்ட்பாஸ் மச்சானைத் தவிர ஒருவருக்கும் தண்டம் வரவில்லை. அந்த மச்சானையும் ஒருவரும் கண்டதில்லை. லொறிகள் பழைய வேகத்தில் பறந்தன.

றேமண்ட் ஒரு கையில் பெட்டியையும் மறுகையில் மாமியாரையும் பிடித்துக்கொண்டு வீதியோரம் நின்றான். லொறிகள் போயின. ஓர் இடைவெளி வந்தது. அவன் அசையவில்லை.

"இப்பக் கடக்கலாமே, மகன்."

"லொறி வருது."

"எங்க?"

அவன் பார்த்தான். வீதி வெறுமையாக இருந்தது. "வரும்," என்றான்.

வந்தது. துறைமுகம் அவனைக் கைவிடவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. மறுபடி ஓர் இடைவெளி.

"இப்ப?"

"பஸ்."

"அது நிக்கிற பஸ்."

"எடுப்பான்."

"அய்யே, எனவத நெத்த?" வருவதா இல்லையா என்று ஓட்டோக்காரன் அந்தப் பக்கத்திலிருந்து சிங்களத்தில் கத்தினான். றேமண்ட் பெட்டியைத் தூக்கிப் பொறு என்று காட்டினான்.

அதே ஒழுங்கையில் இருக்கும் பைறோஸா சந்தைப் பையோடு வந்தாள். "என்ன, கடக்க ஏலாதா?"

"பொறுங்க," என்றான்.

பைறோஸா நின்றாள். அவள் நிற்பதைக் கண்டு இரண்டு நாட்டாமைகள் நின்றார்கள். கூட்டம் நிற்பதைக் கண்டு கூட்டம் நின்றது. எதைப் பார்க்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. யாரோ பெரிய ஆள் வருகிறாராம், வீதியை மூடப்போகிறார்களாம் என்று பின்னாலிருந்து செய்தி வந்தது. தள்ளாதே என்றார்கள். பெயர் தெரியாத அந்தப் பெரிய ஆளை ஒரு நாட்டாமை முன்கூட்டியே ஏசத் தொடங்கினான்.

போன் அடித்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான்.

"அண்ணா, என்ன நடக்குது அங்க?" ஷிம்னாவின் குரல் உயர்ந்திருந்தது. "மெஷின் சிவப்பாகிட்டு! இவ்வளவு சனம் கடக்க ஏலாம நிக்குது! வாகனம் உண்மையாவே வருதுதானே?"

"வருது."

"அப்ப இது கணக்கில சேரும். இது போதும். நீங்க ஒண்டும் செய்யாதீங்க. அப்படியே நில்லுங்க."

ஒன்றும் செய்யாமல் நிற்பது அவனுக்கு இரண்டு வருடப் பழக்கம்.

"ஆரது?" என்றார் ஐறீன்.

"கமராக்காரப் பிள்ளை. கடவை கிடைக்குமாம்."

ஐறீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓகோ. அதுக்குத்தானா என்னை வெயில்ல நிக்க வெச்சனீ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் கெட்டிக்காரன் என்று பெயர் கிடைத்திருக்கும்.

"இல்ல," என்றான்.

"பிறகு?"

லொறி வருகிறதா என்று வீதியைப் பார்த்தான். லொறிகளும் இப்போது பார்த்து ஓய்ந்துவிட்டன. சந்தியில் சிவப்பு விழுந்திருக்க வேண்டும். கோயில் வாசல் வரைக்கும் வீதி வெறுமையாகக் கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. ஐறீன் அந்த வெறுமையைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவனுடைய விரல்கள் அதை இறுக்கியிருந்த இடம் வெளிறிப்போயிருந்தது.

அவர் மற்றக் கையை வாயருகில் குவித்து, ஓட்டோக்காரனைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார்: போ தம்பி, நீ போ, இந்த வீதியைக் கடக்கவே ஏலாது.

பின்னால் நின்ற கூட்டமும், ஓம் ஏலாது, ஏலவே ஏலாது என்றது.

ஓட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, வெறும் வீதியை ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் பார்த்தான்.