ஒரு விநாடியில் நின்ற மழை

காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி, ஒருமுறை ஊதிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள். ஊதினால் சரியாகிற சங்கதி இல்லை என்று அவளுக்கே தெரியும். பதிவில் அம்மா கேட்கிறாள், "நான் கிளினிக் வேலைய விட்டுடவா?" அப்பா சொல்கிறார், "உன் இஷ்டம்." நடுவில் ஒரே ஒரு விநாடி. ஏதோ பல் குத்திக்கொண்டே சொன்னதுபோல, வெட்டென்று ஒரு பதில்.

அப்பாவா இது? லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். எந்தக் கேள்வியையும் திருகாணி போலக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "உங்கப்பாகிட்ட ஒண்ணக் கேட்டுட்டு, போய்க் குளிச்சுத் துணி துவைச்சுட்டு வரலாம். பதில் அப்பத்தான் செருப்பு மாட்டிட்டுக் கிளம்பியிருக்கும்" என்பாள் அம்மா. அந்த மனிதர் ஒரு விநாடியில் பதில் சொல்கிறார் என்றால், ஒன்று அவர் நடித்திருக்க வேண்டும், அல்லது பதிவு பொய் சொல்ல வேண்டும். நடிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அவள் தொடர்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. மூன்று வருடமாக அவளும் பேராசிரியையும் சேர்ந்து செய்கிற வேலை இதுதான்: கல்யாணமாகி இருபது வருடம் தாண்டியவர்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? இருபத்தாறு வீடுகள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேசைமேல் ரெக்கார்டர் இருக்கும். பிறகு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று உட்கார்ந்து அளப்பார்கள். அளந்ததில் வந்த முடிவு பேராசிரியையைத் தூக்கிவாரிப்போட்டது. எந்த வீட்டிலும், எந்தக் கேள்விக்கும், ஒரு விநாடிக்கு மேல் இடைவெளியே இல்லை. கட்டுரைக்கு 'கேட்பதற்கு முன்பே பதில்' என்று தலைப்பு வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை துறையின் ஆய்வரங்கில் வாசிக்க வேண்டும். பேராசிரியை பதினான்கு வருடமாகக் காத்திருக்கிற பதவி உயர்வுக் கோப்பில் இந்தக் கட்டுரைதான் மேலே இருக்கிறது. அப்படியிருந்தும் மாணவியின் பெயரை முதலில் போட்டு, தன் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். அந்தத் துறையில் அப்படி யாரும் செய்ததில்லை.

போன வாரம் ஒரு வீட்டுக்காரர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தன் குறட்டை பதிவாகியிருக்கும் என்று அவருக்குப் பயம். கணக்குக்கு ஒரு வீடு குறையவே, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலேயே ரெக்கார்டரை வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இல்லாவிட்டால் இந்தப் புதன்கிழமைப் பிற்பகலில் இப்படி ஹெட்போனை ஊதிக்கொண்டிருக்க மாட்டாள்.

பத்தாவது முறை போட்டபோதுதான் பேச்சை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். அம்மா கேட்கும்போது வெளியே மழை. தகரக் கூரைமேல் சடசடவென்று. அப்பா பதில் சொல்லும்போது மழை இல்லை. ஓய்ந்து சொட்டுகிற சத்தம்கூட இல்லை. எங்கோ ஒரு குருவி கத்துகிறது.

ஒரு விநாடியில் எந்த மழை நிற்கும்?

ரெக்கார்டரைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் நகத்தளவு ஒரு பொத்தான். பேச்சு ஓய்ந்து ஒரு விநாடி ஆனால் கருவி தூங்கிவிடும், குரல் கேட்டால் விழித்துக்கொள்ளும். நாள் முழுக்க ஓடினால் பேட்டரி தாங்காது என்று ஆரம்பத்திலேயே அப்படி வைத்தது. வைக்கச் சொன்னவர் பேராசிரியை. இருபத்தாறு வீட்டு மௌனத்தையும் கருவி தூங்கியே தீர்த்திருந்தது. மௌனத்தை அளக்கப் போனவர்கள், மௌனம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஒன்றைக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழம வேலைய விடவான்னு அப்பாகிட்டக் கேட்டியே. எவ்வளவு நேரம் கழிச்சுப் பதில் சொன்னாரு?"

"வந்துட்டா சிஐடி. நான் என்ன கடிகாரத்தக் கையிலயா வச்சிருந்தேன்? மழை பேஞ்சுது. கொட்டித் தீத்துச்சு. நின்னுச்சு. அப்புறம் சொன்னாரு."

"நீ அதுவரைக்கும் என்ன பண்ண?"

"என்ன பண்ணுவாங்க? அவரப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்." ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "விட்டுட்டா காலைல பத்து மணிக்கு நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சேன். கிளினிக்குக்கு வர்றவங்க மொகம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. அவர் வாயத் தொறக்கறதுக்குள்ள விடவேணாம்னு எனக்கே தோணிடுச்சு. அதுக்கப்புறம்தான் உன் இஷ்டம்னாரு. உடனே சொல்லியிருந்தா எனக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும்."

நோட்டில் எழுதிக்கொள்ளக் கை போயிற்று. எழுதவில்லை. இருபத்தாறு வீட்டிலும் இப்படி என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்தபோது, பயத்தைத் தாண்டிக்கொண்டு ஒரு ஆசை எழுந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற குழந்தையின் ஆசை.

வியாழக்கிழமை காலையில் பேராசிரியையின் அறைக்குப் போனாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படிக்கட்டு ஏறும்போது அது நாலு தடவை மனதில் வந்துபோனது. அறைக்குள் சுவரில் சாய்த்து வைத்த சுவரொட்டி, அச்சாகி வந்த ஈரம் காயாமல் இருந்தது. அதில் அவள் பெயர். அவள் ஹெட்போனைப் பேராசிரியையின் காதில் மாட்டி, பின்னால் இருக்கிற மழையைக் கேட்கச் சொன்னாள்.

பேராசிரியை மூன்று முறை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பழக்கதோஷம், அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். பத்து. பதினைந்து. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். இருபத்தொன்று.

"அந்தப் பொத்தான வைக்கச் சொன்னது யாரும்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தானே. தைரியமா சொல்லு, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ஒரு வீடுகூட விதிவிலக்கு இல்லன்னப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும். உறுத்தல. நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"உங்க ஃபைல், மேடம்..."

"பதினாலு வருஷம் தூங்கின ஃபைல். அதுக்கும் ஒரு பொத்தான் இருக்கும் போல." சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. சுவரொட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். "நாளைக்கு மேடையில என்ன சொல்லப்போற?"

"தெரியல மேடம். ஆனா மழை நிக்கற வரைக்கும் அங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் பேராசிரியை, கொஞ்சம் கழித்து.

அன்று சாயங்காலம் பொத்தானை எதிர்ப்பக்கம் தள்ளி, ரெக்கார்டரை வீட்டு மேசைமேல் வைத்தாள். அரங்கில் போட்டுக் காட்டலாமா என்று கேட்டு அம்மா அப்பா இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தாளின் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டார். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அரங்கில் எழுபது எண்பது பேர். கண்டுபிடித்தது தப்பு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் பேனாவை மூடினார். அவருக்குப் பக்கத்தில் பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எப்படித் தப்பானது, யாரால், எந்தப் பொத்தானால் என்று எல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு, "இருபத்தாறு வீட்டையும் மறுபடி கேக்கணும். இப்போதைக்கு ஒரு வீடுதான் இருக்கு" என்று பதிவை ஓடவிட்டாள்.

அம்மாவின் குரல் அரங்கமெங்கும் வந்தது. "நாளைக்கு நம்ம பொண்ணு பேசறாளே, ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டுப் போய்ப் பாக்கலாமா?"

பதில் இல்லை. மின்விசிறியின் கிறீச். தட்டில் கரண்டி ஒருமுறை பட்டது. நாற்காலி மெல்ல நகர்ந்தது. ஐந்து விநாடியில் யாரோ இருமினார்கள். எட்டாவதில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அதன் பிறகு அரங்கம் அசையவில்லை. யார் வீட்டு மேசை அருகிலோ உட்கார்ந்திருப்பதுபோல எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பேனாவை மூடியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். பதிவில் அம்மா தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, இரண்டாவது தம்ளருக்கும்.

முப்பத்தொன்றாவது விநாடியில் அப்பா "பாக்கலாம்" என்பார். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே நிமிர்ந்தவள், பின்கதவு ஓசையில்லாமல் திறப்பதைப் பார்த்தாள். கிளினிக் புடவையில் அம்மா. பின்னால் வேலைச் சட்டையிலேயே அப்பா, முழங்கையில் கிரீஸ் கறை, கையில் கருவிப்பெட்டி. பெட்டியைத் தரையில் வைத்தால் சத்தம் வரும் என்று வைக்காமல் நின்றார். ஒலிபெருக்கியிலிருந்து வருகிற தன் வீட்டு மின்விசிறியை அடையாளம் கண்டுகொண்டு புருவத்தை உயர்த்தினார். பிறகு அவரும் மற்றவர்களைப் போலத் தலையைச் சாய்த்து, இந்த ஆள் என்னதான் சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.